ஓஃப் சீசன்ல மலைநாட்டுக்கு வாறவங்களுக்கு: எப்ப வரணும், எந்தப் பக்கம் வரணும்

மலைநாட்டுக்கு ட்ரிப்னா நம்ம ஆளுங்களுக்கு ஏப்ரல் மாசம்தான் ஞாபகத்துக்கு வருது. நுவரெலியாவுல குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகறி வாவிக் கரையில கடை கண்ணி எல்லாம் அந்த ஒரு மாசத்துலதான், அதனால கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்புன்னு எல்லா ஊர்லயும் இருந்து வேன் புடிச்சு ஒரே நேரத்துல வந்து சேருறாங்க, ரூம் விலை பல மடங்கு ஏறிடும், நானுஓயா ரோட்டுல வாகனம் நகராம நிக்கும், மலையைப் பாக்க வந்தவங்க முன்னால போற வேனோட பின்கண்ணாடியைப் பாத்துட்டுப் போயிடுவாங்க. நாங்க வருஷம் முழுக்க இங்கயே இருக்கிறவங்க. மலை எப்ப அழகுன்னு எங்களைக் கேட்டா ஏப்ரல்னு சொல்லவே மாட்டோம். மே கடைசியில இருந்து நவம்பர் வரைக்கும் ஓஃப் சீசன்னு சொல்ற காலத்துலதான் தண்ணி ஓடும், பச்சை நிறம் கண்ணுல நிக்கும், நடக்கிற பாதையில நீங்க மட்டும்தான் இருப்பீங்க. ஆனா சும்மா கிளம்பி வந்தா மூணு நாளும் ரூம் ஜன்னல் வழியா மழையைப் பாத்துட்டுத் திரும்ப வேண்டியதுதான். எந்த மாசம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டு வரணும்.

முதல்ல இதை மனசுல வச்சுக்கோங்க, மலைநாட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கு. மேல் பக்கச் சரிவுல, அதாவது மேற்குப் பக்கம், கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, அப்புறம் நுவரெலியா. கிழக்குப் பக்கம் ஊவா, அதாவது அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, எல்ல, பதுளை. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து கடல்ல இருந்து ஈரத்தைச் சுமந்துக்கிட்டு வந்து மேல் சரிவுல மோதி அங்கயே கொட்டிடும், மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதுல ஈரம் மிச்சம் இருக்காது, காஞ்ச காத்தாத்தான் வீசும். அதனால வட்டவளையில நாள் கணக்கா மழை ஊத்துற அதே ஜூலை மாசம் பண்டாரவளையில வெயில் அடிக்கும். டிசம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் வடகீழ் பருவக்காத்து, அப்ப இது தலைகீழாயிடும், ஊவா நனையும், அட்டன் பக்கம் ஜனவரி நடுவுல இருந்து வானம் தெளிஞ்சு குளிரும், நுவரெலியாவுல விடியக்காலை புல்லு மேல பனி உறைஞ்சு வெள்ளையா கிடக்கும்.

இதை கண்ணால பாக்கணும்னா பதுளை ட்ரெயின்ல வாங்க. பட்டிப்பொல ஸ்டேஷன் 6,200 அடிக்கு மேல இருக்கு, நம்ம நாட்டுலயே உயரமான ரயில் நிலையம் அதுதான், அதைத் தாண்டினதும் ஒரு சுரங்கம் வரும், சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. ஜூன், ஜூலையில இந்தப் பக்கம் ஜன்னல் கண்ணாடி எல்லாம் மூடிக்கிட்டு பனிக்குள்ள போற ட்ரெயின் அந்தப் பக்கம் வெளிய வரும்போது சுள்ளுனு வெயில் அடிக்கும், கீழ ஒகியப் பள்ளத்தாக்கு முழுசா தெரியும். எத்தனை தடவை போனாலும் அந்த இடத்துல பெட்டியில இருக்கிற எல்லாரும் எழும்பி நின்னு பாப்பாங்க.

அப்போ கணக்கு இப்படி வச்சுக்கோங்க. ஜூன், ஜூலை, ஓகஸ்ட்ல வாறதுன்னா ஊவாப் பக்கம் தங்குங்க, அட்டன் பக்கத்தை ட்ரெயின்ல இருந்து பாத்துக்கலாம். ஓகஸ்ட்ல எல்லயில மட்டும் வெளிநாட்டுக்காரங்க கூட்டம் கூடுதலா இருக்கும், அதனால பண்டாரவளை இல்லாட்டி அப்புத்தளையில ரூம் போட்டுட்டு எல்லவுக்கு காலையில பஸ்ல போய் வாறது நல்லது. அப்புத்தளையில அந்த மாசங்கள்ல காத்து ரொம்பப் பலமா அடிக்கும், மலை விளிம்புல குடை புடிக்க நினைக்காதீங்க. செப்டம்பர் எனக்கு ரொம்பப் புடிச்ச மாசம், மேல் பக்கமும் மழை குறைய ஆரம்பிக்கும், பள்ளிக்கூட லீவும் முடிஞ்சிருக்கும். ஒக்டோபர், நவம்பர்ல ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், காலையில பளிச்சுனு விடியும், மதியத்துக்கு அப்புறம் கருத்து இடி மின்னலோட கொட்டும், நவம்பர்ல வங்காள விரிகுடாவுல தாழமுக்கம் உருவாகிச்சுன்னா நாள் பூரா மழைதான், அந்த நேரம் ட்ரிப்பைத் தள்ளிப்போடுங்க. ஜனவரி, பெப்ரவரி மேல் பக்கத்துக்கு நல்ல காலம், சிவனொளிபாதமலை சீசனும் அதுதான், வார நாள்ல வந்தா கூட்டம் தாங்கிக்கலாம்.

எந்த மாசமா இருந்தாலும் ஒரு பழக்கத்தை மாத்திக்கணும். நம்ம ஆளுங்க ட்ரிப் வந்தா ராவு பூரா பாட்டுப் போட்டு ஆடிட்டு ஒன்பது மணிக்கு எழும்பி சாப்பிட்டு பத்தரைக்கு வெளிக்கிடுவாங்க. மலைநாட்டுல அந்த நேரம் பாதி நாள் முடிஞ்சிரும். தோட்டத்துல விடிஞ்சதும் பெரட்டுக் களத்துக்கு, அதாவது வேலை பிரிச்சுக் குடுக்கிற இடத்துக்கு, ஆளுங்க வந்துருவாங்க, நீங்களும் அந்த நேரத்துக்கே வெளிய இறங்கிடுங்க, வெளிய பாக்க வேண்டியதை எல்லாம் பதினொரு மணிக்குள்ள முடிச்சிருங்க. மத்தியானத்துக்கு மேல கோயில், ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), டவுன்னு கூரை இருக்கிற இடமா வச்சுக்கோங்க.

ஹோட்டன் சமவெளிக்கு இது இன்னும் முக்கியம். உலக முடிவுன்னு சொல்ற செங்குத்துப் பள்ளத்தைப் பாக்கணும்னா ஆறு மணிக்கு கேட் திறக்கும்போதே அங்க நிக்கணும், ஏன்னா ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழ இருந்து மூடுபனி ஏறி பள்ளத்தாக்கை மூடிடும், அதுக்கப்புறம் போனா வெள்ளைச் சுவர்தான் தெரியும். வட்டப் பாதை 9 கிலோமீட்டர் அளவுல வரும், மெதுவா நடந்தா மூணு, நாலு மணித்தியாலம். மழை நாள்ல வழி பூரா சேறும் வழுக்குப் பாறையும்தான், பாட்டா செருப்போட வராதீங்க. வாசல்ல பெக்கைத் திறந்து பொலித்தீன் எல்லாத்தையும் எடுத்துருவாங்க, அதனால சாப்பாட்டை டப்பாவுல போட்டுக்கிட்டு வாங்க. கார் நிறுத்துற இடத்துல மரை மான் வந்து நிக்கும், பிஸ்கட் குடுக்க ஆசையா இருக்கும், குடுக்காதீங்க, அதுங்க உறையோட சேர்த்து முழுங்கி வயித்துல பிளாஸ்டிக் அடைச்சு சாகுதுங்க. மகாவலி, களனி, வளவை மூணு கங்கைக்கும் தண்ணி குடுக்கிற மேடு இது, நம்ம வீட்டுக் குழாயில வாறதுக்கும் இங்க நிக்கிற புல்லுக்கும் தொடர்பு இருக்கு.

காசு கம்மியா, கூட்டம் இல்லாம மலையைப் பாக்கணும்னா நடக்கிறதுதான் வழி. பெகோ ட்ரெயில்னு ஒரு நடை பாதை இருக்கு, கண்டி ஹந்தானையில தொடங்கி அட்டன், அப்புத்தளை, எல்லன்னு சுத்தி நுவரெலியாவுல முடியும், 300 கிலோமீட்டருக்கு மேல, 22 பகுதியா பிரிச்சிருக்காங்க. முழுசா நடக்கணும்னு இல்ல, உங்க ரூமுக்குக் கிட்ட இருக்கிற ஒரு பகுதியை எடுத்து காலையில நடந்துட்டு பஸ்ல திரும்பலாம். அதுல முக்கால்வாசி புதுசா வெட்டின பாதை கிடையாது, நம்ம பாட்டன் பூட்டன் கோப்பிக் காலத்துல இருந்து கொழுந்து சுமந்து, சுமை தூக்கி நடந்த தோட்டத்து ரோடும் குறுக்குப் பாதையும்தான். வெளிநாட்டுக்காரங்க அங்க நடந்து சந்தோஷப்படுறாங்க, நம்ம பிள்ளைங்களும் அதுல நடக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

அப்புத்தளையில லிப்டன் சீட்டுக்கு எல்லாரும் த்ரீவீல்ல ஏறிப் போறாங்க. தம்பேதன்னை ஸ்டோர் வரைக்கும் பஸ்ல போய் அங்க இருந்து தேயிலை மலைக்குள்ள நடந்து ஏறுங்க, 7 கிலோமீட்டர் போல வரும், இருட்டு விலகுறப்பவே கிளம்பினா உச்சிக்குப் போகும்போது கண்ணுக்கு எட்டின தூரம் தெற்கு சமவெளி விரிஞ்சு கிடக்கும். திரும்பி வரும்போது வழியில இருக்கிற சின்னக் கடையில ரொட்டியும் கட்ட சம்பலும் சாப்பிடுங்க, ஓஃப் சீசன்ல அந்தக் கடைக்காரங்களுக்கு ஒரு நாளைக்கு வாற நாலு பேருல நீங்க ஒருத்தரா இருப்பீங்க.

தோட்டத்துக்குள்ள நடக்கும்போது சில விஷயம் கவனிங்க. கொழுந்து எடுக்கிற நிரைக்குள்ள பூந்து செல்பி எடுக்காதீங்க, அக்காமார் கிலோக் கணக்குக்கு வேலை செய்றாங்க, நீங்க மறிச்ச அஞ்சு நிமிஷம் அவங்க கூலியில குறையும். படம் வேணும்னா “அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா”ன்னு கேளுங்க, வேணாம்னா விட்டுருங்க. லயம் ஆளுங்க குடியிருக்கிற வீடு, காட்சிப் பொருள் கிடையாது, கதவு திறந்திருக்குன்னு கமெராவை உள்ள நீட்டாதீங்க. பிள்ளைங்களுக்கு டொபி, காசு குடுத்துப் பழக்காதீங்க. ஏதாவது செய்யணும்னு தோணினா அந்த ஊர்த் தம்பி ஒருத்தரை வழிகாட்டியா கூட்டிட்டுப் போய் அவருக்கு நல்ல சம்பளமா குடுங்க, எந்த மலையில குளவி கூடு கட்டியிருக்குன்னு அவருக்குத்தான் தெரியும்.

குளவியை நான் சும்மா சொல்லல. தோட்டத்துல குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போறதும் சில நேரம் உயிரே போறதும் எங்களுக்கு அடிக்கடி கேக்கிற செய்தி. செண்ட் பூசிக்கிட்டு நடக்காதீங்க, மரத்துல கூடு தெரிஞ்சா சத்தம் போடாம வந்த வழியே திரும்புங்க, கல்லு எறியுற பிள்ளைங்களைக் கையில புடிச்சுக்கோங்க. கலைஞ்சு வந்துட்டா தலையையும் முகத்தையும் துணியால மூடிக்கிட்டு அந்த இடத்தை விட்டு ஓடி வீட்டுக்குள்ளயோ வாகனத்துக்குள்ளயோ பூந்துருங்க. நிறையக் கொட்டு பட்டாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் பாக்காம 1990க்கு அடிச்சு அம்பியூலன்ஸ் கூப்பிடுங்க. சிறுத்தையும் இப்ப தோட்டத்துக்குள்ள நடமாடுது, பொழுது சாய்ஞ்சதும் தேயிலைக்குள்ள நடக்க வேணாம்.

அட்டைக்குப் பயந்து மழைக்காலத்துல வராம இருக்கிறவங்க நிறையப் பேர். அது கடிச்சா நோவு கூட தெரியாது, கொஞ்சம் ரத்தம் போகும், அவ்வளவுதான். நீளக் காலுறை போட்டு கால்சட்டையை அதுக்குள்ள செருகிக்கோங்க, சவர்க்காரத்தை ஈரமாக்கி காலுறை மேலயும் சப்பாத்து மேலயும் நல்லா தேய்ச்சு விடுங்க, சில பேர் சித்தாலேப தைலம் பூசுவாங்க. ஒட்டிக்கிச்சுன்னா புடிச்சு இழுக்காதீங்க, நகத்தை அதோட வாய்ப் பக்கம் மெதுவா ஓட்டினா விட்டுரும், அப்புறம் கழுவி துணியை அழுத்திப் புடிங்க. நின்ன இடத்துல நிக்காம நடந்துக்கிட்டே இருந்தா பாதி அட்டை ஏறாது.

நீர்வீழ்ச்சி பாக்கணும்னா ஓஃப் சீசன்தான் சரியான நேரம், ஏப்ரல்ல வந்து பாறையில நூலு மாதிரி வழியிறதைப் பாத்துட்டு இதுதானான்னு கேக்கிறவங்களைப் பாத்தா கவலையா இருக்கும். தலவாக்கலை ரோட்டுல டெவோன் 97 மீட்டர், மழைக்காலத்துல அந்தப் பக்க ரோட்டுக்கே சத்தம் கேக்கும். சென்கிளேயருக்கு மேல அணை கட்டினதுக்கு அப்புறம் தண்ணி குறைஞ்சு போச்சு, ஆனா மழை கூடி மேல் கொத்மலை வான்கதவு திறந்தாங்கன்னா அது பழைய மாதிரி அகலமா விழும். அப்புத்தளைப் பக்கம் இருந்து இறங்கினா கல்துமுல்லைக்குக் கிட்ட பம்பரகந்த, 263 மீட்டர், நாட்டுலயே உயரமானது, கொஸ்லாந்தைக்கு அங்கால தியலும 220 மீட்டர்.

பாக்கலாம், குளிக்கக் கூடாது. உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும், மேல ரெண்டு மலைக்கு அப்பால மழை கொட்டியிருக்கும், தண்ணி கலங்கி வருதுன்னு நீங்க பாக்கிறதுக்குள்ள கால் தட்டிடும். அணைக்குக் கீழ இருக்கிற ஆத்துல இறங்கவே வேணாம், சைரன் சத்தம் கேட்டா பொருள் எல்லாம் விட்டுட்டு மேட்டுக்கு ஏறுங்க. தியலும உச்சியில இருக்கிற குளத்துல வழுக்கி விழுந்து செத்தவங்க இருக்காங்க, மழைக்காலத்துல அந்தப் பக்கமே போகாதீங்க.

சிவனொளிபாதமலைக்கு ஓஃப் சீசன்ல ஏறலாமான்னு நிறையப் பேர் கேக்கிறாங்க. சீசன் டிசம்பர் போயாவுல (பௌர்ணமியில) தொடங்கி மே மாச வெசாக் போயாவோட முடியும். அதுக்கப்புறம் படியில லைட் இருக்காது, வழி பூரா இருக்கிற டீக்கடை ஒண்ணும் இருக்காது, உச்சியில கோயிலும் பூட்டித்தான் கிடக்கும், 2,243 மீட்டர் உயரத்துல காத்து ஆளைத் தள்ளும். ஜூன்ல இருந்து ஓகஸ்ட் வரைக்கும் ஏற வேணாம்னுதான் என்னோட கருத்து. செப்டம்பர்ல மழை ஓஞ்ச ஒரு வாரம் கிடைச்சா நல்லதண்ணியில ராத் தங்கி, ராவுல ஏறாம விடியக்காலையில ஊர் ஆள் ஒருத்தரோட ஏறுங்க, தண்ணியும் சாப்பாடும் டோர்ச்சும் நீங்கதான் சுமக்கணும். போற வழியில மவுசாக்கலை நீர்த்தேக்கத்துல தண்ணி வத்தியிருந்தா நிப்பாட்டிப் பாருங்க, அணை கட்டினப்ப மூழ்கின பழைய மஸ்கெலியா டவுனோட கோயில் வெளிய தெரியும்.

மண்சரிவு பத்தி தெரியாம மழைக்காலத்துல யாரும் வரக்கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில லயத்தோட சேர்த்து ஆளுங்களை மண்ணு மூடினது எங்களுக்கு இன்னும் ஆறல, 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப மலைநாடு முழுக்க அதே கொடுமைதான், வீடு, ரோடு, ரயில் பாதை எல்லாம் போச்சு. அதனால கிளம்புறதுக்கு முதல் நாள் ரெண்டு வேலை செய்ங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியா மண்சரிவு எச்சரிக்கை விடும், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு மூணு கட்டம், 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் மழை தாண்டினாலே முதல் கட்டம் வந்துரும். நீங்க போற பிரிவு செம்மஞ்சள்ல இருந்தா போகாதீங்க, போய் இருந்தா இறங்கிருங்க. அடுத்தது, ட்ரெயின் எது வரைக்கும் ஓடுதுன்னு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கோங்க, பழைய நேர அட்டையை நம்பி வராதீங்க. தங்கின இடத்துல நிலம் வெடிச்சு நின்னாலோ, மரமும் போஸ்டும் சாய்ஞ்சிருந்தாலோ, ஊத்துத் தண்ணி திடீர்னு சேறா வந்தாலோ, ஓடினது நின்னு போனாலோ பெக்கைத் தேடாம வெளிய வந்துருங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, டூரிஸ்ட் பொலிஸ் 1912.

சொந்த வாகனம்னா பொழுது சாயுறதுக்குள்ள ரூமுக்குப் போய்ச் சேருங்க. இறக்கத்துல பிரேக்கை மட்டும் நம்பாம சின்ன கியர்ல இறக்குங்க, பனிக்குள்ள ஹை பீம் போட்டா வெள்ளை மறைக்கும், கீழ் லைட்டைப் போட்டு ஹோர்ன் அடிச்சுக்கிட்டே போங்க.

ரூம் போடும்போது போன்ல பேசியே விலையைக் கேளுங்க, மே, ஜூன், ஒக்டோபர்ல வார நாளுக்குன்னா நல்லாவே குறைப்பாங்க, ஆனா சின்ன ஹோம்ஸ்டேக்காரங்ககிட்ட ரொம்ப அடிச்சுப் பேசாதீங்க, அந்த மாசங்கள்ல அவங்க வீட்டு அடுப்பு உங்களை நம்பித்தான் எரியுது. கேக்க வேண்டியது ரெண்டு: சுடுதண்ணி கரண்ட் ஹீட்டரா சோலரா (மழை நாள்ல சோலர் சூடாகாது), கம்பளி எத்தனை தருவாங்க. காசு குடுக்க முன்னாடி மெத்தையைத் தொட்டுப் பாருங்க, ஈரம் ஊறியிருந்தா வேற ரூம் கேளுங்க. இதை மறக்காதீங்க, பார்பிகியூ போட்ட கரியை குளிருக்குன்னு ரூமுக்குள்ளயோ டென்டுக்குள்ளயோ எடுத்துட்டுப் போகாதீங்க. மூடின இடத்துல கரி எரிஞ்சா கார்பன் மொனொக்சைட் வரும், மணமும் தெரியாது புகையும் தெரியாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

உடுப்பு விஷயத்துல ஒரே ஒரு தடிச்ச ஜெர்சிக்குப் பதிலா மெல்லிசா மூணு எடுத்துக்கோங்க, காலுறை மட்டும் தாராளமா. ஜீன்ஸ் நனைஞ்சா இங்க ரெண்டு நாளைக்குக் காயாது.

தீபாவளி வாறதும் இந்த ஓஃப் சீசன்லதான். கொழும்புல வேலை செய்ற எங்க பிள்ளைங்க எல்லாம் ரெண்டு நாளைக்கு முன்னாடி ஒரே நேரத்துல வீட்டுக்கு வருவாங்க, அட்டன் பஸ்ல கால் வைக்க இடம் இருக்காது, அந்த நாள்ல ட்ரிப் வச்சு அவங்க சீட்டைப் புடிக்க வேணாம், ஒரு வாரம் தள்ளி வாங்க.

திரும்பும்போது தேயிலை வாங்குறதுன்னா ஊவாத் தேயிலை ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் உச்சம், அந்தக் காஞ்ச காத்துலதான் அதுக்கு அந்த வாசம் ஏறும். அட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்கு ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும். ரோட்டோரத்துல தங்கக் கலர் டப்பாவுல விக்கிறதை விட, தோட்டத்து ஸ்டோர்லயே வாங்குங்க, பக்கெட்ல தோட்டத்துப் பேரும் கிரேடும் இருக்கான்னு பாருங்க, வீட்டுல பால் டீ போடுறவங்கன்னா பி.ஓ.பி.எஃப். கிரேடு, ப்ளேன்டீ குடிக்கிறவங்கன்னா பி.ஓ.பி. கிரேடு கேட்டு வாங்குங்க.